கம்பெனிக்குப் புதுசு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரம் டிரெய்னிங். ஏ.சி. அறை, கம்பெனியின் அருமை பெருமைகள், நடுநடுவே டீ, பிஸ்கட். கடைசி நாள் சாயங்காலம் ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். பயிற்சி எப்படி இருந்தது? பயிற்சியாளர் புரியும்படி பேசினாரா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் போடவும். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நீங்களும் எல்லாவற்றுக்கும் நாலு, ஐந்து என்று டிக் அடித்துவிட்டுக் கிளம்புவீர்கள். மறுநாள் அந்தத் தாள்களையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, 'பயிற்சி மகத்தான வெற்றி' என்று மேலிடத்துக்கு ரிப்போர்ட் போகும்.

நிஜமாகவே வெற்றியா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

1959-ல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் கிர்க்பாட்ரிக் இதைப் பற்றி ஒரு தொழில்முறைப் பத்திரிகையில் தொடர் கட்டுரை எழுத ஆரம்பித்தார். நாலே நாலு கேள்விகள். பயிற்சிக்கு வந்தவர்களுக்கு அது பிடித்திருந்ததா? எதையாவது கற்றுக்கொண்டார்களா? கற்றதை வேலையில் செய்கிறார்களா? அதனால் கடைசியில் என்ன விளைந்தது? முதல் கேள்விக்குப் பதில் வாங்குவது சுலபம். போகப் போகக் கஷ்டம். நாலாவதுக்கு வருவதற்குள் பலர் கழன்றுகொள்வார்கள். இன்றைக்கும் மனிதவளத் துறையில் இருப்பவர்களுக்கு இந்த நாலும் அரிச்சுவடி மாதிரி.

சரி, நாம் சரித்திரத்துக்கு வருவோம். கிர்க்பாட்ரிக் பிறப்பதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே, புது ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பரீட்சை வைத்து, மெடல் குத்தி, பிரசுரம் போட்டுச் சண்டை போட்ட ஒரு கம்பெனி உண்டு. நம் பாட்டன் பூட்டன்களுக்குக் கம்பெனி என்றாலே அந்த ஒன்றுதான். கிழக்கிந்தியக் கம்பெனி!

ஆரம்பத்தில் அங்கே டிரெய்னிங் என்கிற பேச்சே கிடையாது. வேலைக்கு வருகிற பொடியனுக்குப் பதவிப் பெயர் ரைட்டர். கடிதங்களைப் பிரதி எடுக்க வேண்டும். துணி மூட்டைக் கணக்கு எழுத வேண்டும். ராபர்ட் கிளைவ் 1744-ல் சென்னையில் வந்து இறங்கியபோது வயது பதினெட்டு, உத்தியோகம் ரைட்டர், சம்பளம் வருஷத்துக்கு ஐந்து பவுண்டு. அந்தச் சம்பளத்தில் யார் ஒழுங்காக இருப்பார்கள்? சொந்த வியாபாரம், கமிஷன், கையூட்டு. ஊர் வழக்கத்தைச் சொல்லிக்கொடுக்கவும், உள்ளூர்க்காரர்களிடம் பேசவும் துபாஷி இருந்தார். அவர்தான் வாத்தியார், அவர்தான் பாடப்புத்தகம். கிளைவ் கடைசிவரை எந்த இந்திய மொழியையும் உருப்படியாகக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு சாம்ராஜ்யத்தைப் பிடிப்பதற்கு அது தடையாகவும் இல்லை!

பிடிப்பது வேறு, நடத்துவது வேறு. 1765-ல் வங்காளம், பீகார், ஒரிஸாவில் வரி வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கு வந்தது. மூட்டைக் கணக்கு எழுதின பையன் இப்போது கலெக்டர், நீதிபதி. எதிரே கைகட்டி நிற்கிற விவசாயி என்ன சொல்கிறான் என்றே அவனுக்குப் புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுத் தீர்ப்பு எழுதுவான்.

இந்தக் கூத்தைப் பார்த்து முதலில் பதறியவர் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி. நல்ல எண்ணம் கொஞ்சம், ஆடம்பரம் நிறைய. 1800-ல் கல்கத்தாவில் கோட்டை வில்லியம் கல்லூரியை ஆரம்பித்தார். சட்டம் கையெழுத்தானது ஜூலை 10. ஆனால் தேதியை மே 4 என்று முன்னால் தள்ளிப் போட்டார். ஏன் தெரியுமா? ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து, திப்பு சுல்தான் இறந்து சரியாக ஒரு வருஷமான நாள் அது. ஊழியர் பயிற்சிக் கல்லூரிக்குக்கூட ஒரு வெற்றி விழா வேண்டியிருந்திருக்கிறது மனிதருக்கு.

பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். மூன்று வருஷப் படிப்பு. பாரசீகம், இந்துஸ்தானி, வங்காளி, சட்டம், சரித்திரம். வங்காளி சொல்லிக்கொடுக்க வில்லியம் கேரி. இந்துஸ்தானிக்கு கில்கிறிஸ்ட். அவர்களுக்குக் கீழே உள்ளூர்ப் பண்டிதர்களும் முன்ஷிகளும். இந்த முன்ஷிகளின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வயதில் பெரியவர், படிப்பில் கடல். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் மீசை முளைக்காத சிஷ்யன் நாளைக்கு ஜில்லாவையே ஆளப்போகிறவன். அவனை எந்த வாத்தியார் மிரட்ட முடியும்?

பயிற்சி பலித்ததா என்று காட்டுவதற்கு வெல்லெஸ்லியின் ஆட்கள் கண்டுபிடித்த வழி, பட்டிமன்றம். கல்கத்தாவின் பெரிய மனிதர்களெல்லாம் கூடியிருக்க, மாணவர்கள் இந்திய மொழிகளில் வாதம் செய்ய வேண்டும். முதல் அரங்கேற்றம் 1802 பிப்ரவரியில். இந்துஸ்தானியில் வாதிட்ட தலைப்பு, இந்தியாவில் அதிகம் பயன்படுகிற மொழி இந்துஸ்தானியே என்பது. வங்காளியில், ஐரோப்பியர்களுக்குச் சமமான நாகரிகத்தை ஆசியர்களால் எட்ட முடியும் என்பது. (சொல்லிக்கொடுத்த பண்டிதர்கள் அதை எந்த முகத்தோடு கேட்டார்களோ!) பாரசீகத்தில்? இந்தியாவில் இப்படி ஒரு கல்லூரி இருப்பது சுதேசிகளுக்கும் ஆங்கிலேயருக்கும் நன்மையே என்பது தலைப்பு. பயிற்சி நல்ல பயிற்சியா என்று பயிற்சி எடுத்தவர்களையே, பயிற்சி கொடுத்தவர்கள் முன்னால் மேடையேற்றிப் பேச வைத்திருக்கிறார்கள். கடைசி நாள் சாயங்காலம் நீங்கள் டிக் அடித்தீர்களே, அந்தத் தாளின் கொள்ளுத்தாத்தா இதுதான்.

மேடையில் மெடல் வாங்கினார்கள். மேடைக்குக் கீழே கடன் வாங்கினார்கள். குதிரை, விருந்து, பட்டாளமாக வேலைக்காரர்கள். கல்லூரியை முடித்துவிட்டு உத்தியோகத்துக்குப் போகும்போது கல்கத்தா லேவாதேவிக்காரர்களுக்குப் பெரும் கடன் பாக்கி வைத்திருந்தவர்கள் அநேகம். கடனாளி ஒருவன் நீதிபதியாகப் போனால் கடன் கொடுத்தவன் வழக்கு என்னவாகும்? இதை எந்தப் பட்டிமன்றமும் கேட்கவில்லை.

லண்டனில் இருந்த டைரக்டர்களுக்குக் கோபம் வேறு விஷயத்தில். எங்களைக் கேட்காமல் எங்கள் பணத்தில் கல்லூரியா? இழுத்து மூடு என்று 1802-ல் உத்தரவு போட்டார்கள். வெல்லெஸ்லி முரண்டு பிடிக்க, கடைசியில் சமரசம். கல்கத்தாவில் மொழிப் பயிற்சி மட்டும் இருக்கட்டும். மற்றதெல்லாம் இங்கிலாந்திலேயே. அப்படி 1806-ல் பிறந்ததுதான் பிற்பாடு ஹெய்லிபரி என்ற ஊரின் பெயரால் பிரபலமான கம்பெனிக் கல்லூரி.

ஹெய்லிபரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் யார் தெரியுமா? தாமஸ் மால்தஸ். ஜனத்தொகை பெருகுகிற வேகத்துக்கு உணவு பெருகாது என்று எழுதி உலகத்தையே பயமுறுத்தின அதே மால்தஸ். பசங்க அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'பாப்'. 1805-ல் நியமனமாகி, 1834-ல் சாகும்வரை அங்கேதான் வேலை. இந்தியாவை ஆளக் கிளம்பின ஒரு தலைமுறையே அவர் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தது.

உட்கார்ந்தது என்று சொன்னது மரியாதைக்கு. ஹெய்லிபரியில் கலாட்டா அடிக்கடி நடக்கும். காரணம் எளிது. இடம் கிடைப்பது டைரக்டரின் சிபாரிசில். மாமா டைரக்டராக இருக்கும்போது வாத்தியார் என்ன செய்துவிட முடியும்? இப்படிப்பட்ட கல்லூரி தேவையா என்று லண்டனில் கூச்சல் கிளம்பியபோது, மால்தஸே 1817-ல் கல்லூரிக்காக வாதாடி ஒரு பிரசுரம் எழுதினார். புது ஊழியர் பயிற்சியை எடைபோட்ட பழைய ஆவணங்களில் அதற்கு ஓர் இடம் உண்டு. ஆனால் பாருங்கள், எழுதியவர் அந்தக் கல்லூரியிலேயே சம்பளம் வாங்குகிறவர்.

இனி நம்ம ஊர். கல்கத்தா கல்லூரி வங்காளத்துப் பையன்களுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டதால், சென்னைக்கு வருகிற ரைட்டர்களுக்குத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. 1812-ல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி. அதன் மூளை, எல்லிஸ் துரை. 1796-ல் ரைட்டராக வந்து, 1810-ல் சென்னை கலெக்டரானவர். திருக்குறளில் தோய்ந்த மனிதர். ஹெய்லிபரியை முடித்துவிட்டு வருகிற பையன் இங்கே தமிழும் தெலுங்குமாகத் தென்னாட்டு மொழிகளைப் படிக்க வேண்டும். தேர்ச்சி ஏற ஏற மாதப் படி ஏறும். படிப்பையும் பாக்கெட்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான்!

எல்லிஸ் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. தமிழைப் படித்தவனுக்குத் தெலுங்கு சுலபமாக வருகிறது, ஏன்? இரண்டுக்கும் வேர் ஒன்று. சம்ஸ்கிருதத்திலிருந்து தெலுங்கு பிறந்தது என்று சொல்வது தப்பு. இதை வேர்ச்சொல் வேர்ச்சொல்லாக அடுக்கி, கல்லூரிக்காக கேம்ப்பெல் எழுதின தெலுங்கு இலக்கணத்துக்கு முன்னுரையாக 1816-ல் அச்சிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-ல் வருவதற்கு நாற்பது வருஷம் முன்னால்! திராவிட மொழிக்குடும்பம் என்ற கருத்து முதலில் அச்சில் ஏறியது புது ஊழியர்களுக்கான டிரெய்னிங் புத்தகத்தில்.

அதோடு நிற்கவில்லை. வீரமாமுனிவரின் சதுரகராதி 1824-ல் அச்சானதும், கல்லூரியின் தமிழ்ப் புலவர் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரக் கதை 1826-ல் உரைநடையாக வந்ததும் இந்தக் கல்லூரியால். கல்கத்தாவிலும் இதே கதை. சாகிப்புகளுக்குப் பாடம் வேண்டுமே என்று ராம்ராம் பாசு எழுதினது வங்காள உரைநடைக்கும், மீர் அம்மன் எழுதினது உருது உரைநடைக்கும் அடித்தளம். சிஷ்யர்கள் என்ன கற்றார்களோ, வாத்தியார்கள் ஒரு இலக்கியத்தையே விட்டுவிட்டுப் போனார்கள். கிர்க்பாட்ரிக்கின் நாலு கேள்வியில் எதிலும் இது அடங்காது.

எல்லிஸ் 1819-ல் ராமநாதபுரத்தில் இறந்துபோனார். அவருடைய கல்லூரி பிற்பாடு வெறும் பரீட்சை போர்டாகத் தேய்ந்தது. நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலை இருக்கிறது அல்லவா? நீங்கள் டி.பி.ஐ. வளாகத்தைத் தேடிக்கொண்டு போயிருப்பீர்கள். எந்தக் கல்லூரியின் பெயரால் அந்தச் சாலை என்று யோசித்திருக்க மாட்டீர்கள். இந்தக் கல்லூரிதான்.

முதல் இரண்டு கேள்விக்குக் கம்பெனியிடம் கட்டுக்கட்டாகப் பதில் இருந்தது. யாருக்கு மெடல், யாருக்குப் பரிசு, யார் எந்த மொழியில் தேர்ச்சி என்று எல்லாம் பதிவாகியிருக்கிறது. மூன்றாவதும் நாலாவதும்? அதற்கு ஆட்களைப் பின்தொடர்ந்து போக வேண்டும். இரண்டு பேரை மட்டும் பார்ப்போம்.

முதல் ஆள், சார்லஸ் டிரெவெல்யன். மால்தஸ் அங்கே வாத்தியாராக இருந்த காலத்தில் ஹெய்லிபரியில் படித்தவர். 1826-ல் வங்காள சர்வீஸில் சேர்ந்தார். இந்திய மொழிகளில் சூரப்புலி. டெல்லியில் போட்டார்கள். அங்கே ரெசிடெண்டாக இருந்தவர் சர் எட்வர்ட் கோல்புரூக், பழம் தின்று கொட்டை போட்ட அதிகாரி. லஞ்சம் வாங்குகிறார் என்று அவர் மேலேயே 1829-ல் புகார் கொடுத்தார் டிரெவெல்யன். வயது இருபத்திரண்டு! டெல்லியில் இருந்த வெள்ளைக்காரக் கூட்டம் பையனோடு பேசுவதை நிறுத்திவிட்டது. விசாரணை நடந்தது. புகார் உண்மை. கோல்புரூக் வேலை போயிற்று. கிளைவ் காலத்து ரைட்டர் இப்படிச் செய்திருப்பானா? ம்ஹூம். பங்கு கேட்டிருப்பான். இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் ஹெய்லிபரிக்கு முழு மார்க் போட்டுவிடலாம்.

நிறுத்த முடியாது. டிரெவெல்யன் லண்டனுக்குத் திரும்பி, 1840-லிருந்து கஜானா இலாகாவின் முக்கிய அதிகாரி. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதை விட்டால் வேறு சாப்பாடு இல்லை. நிவாரணச் செலவு அத்தனையும் டிரெவெல்யன் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். தானியச் சந்தையில் அரசாங்கம் தலையிட்டால் வியாபாரம் கெட்டுவிடும், இலவசமாகக் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. பஞ்சம் முடிவதற்குள் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். கிட்டத்தட்ட அதே அளவு ஜனம் கப்பலேறி ஊரைவிட்டே போனது. 1848-ல் டிரெவெல்யனுக்கு சர் பட்டம். எல்லாப் பழியையும் அவர் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை, மந்திரிகள் சொன்னதைத்தான் செய்தார் என்று வாதாடுகிற ஆய்வாளர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் லஞ்சம் வாங்கின மேலதிகாரியை எதிர்த்து நின்றவர், இந்த மேலதிகாரிகளை எதிர்த்து நிற்கவில்லை. அவர்கள் சொன்னதும் இவர் நம்பினதும் ஒன்றாகவே இருந்தது.

1859-ல் இவர் சென்னைக்கு கவர்னராக வந்தார். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் அமைத்தவர் இவர்தான். ஆனால் அடுத்த வருஷமே வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்துக் கடுதாசி வெளியிட்டு, வேலையிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். எதிர்க்கத் தெரியாத ஆள் என்று யாரும் சொல்லிவிட முடியாது!

இரண்டாவது ஆள், ரிச்சர்ட் டெம்பிள். இவரும் ஹெய்லிபரி. ஆனால் இவர் படித்த 1840-களில் மால்தஸ் உயிரோடு இல்லை. அந்த நாற்காலியில் ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற வேறொருவர் இருந்தார். ஆகவே இவர் செய்ததற்கெல்லாம் மால்தஸைக் கூண்டில் ஏற்ற முடியாது. 1873-74-ல் பீகாரில் பஞ்சம். நிவாரணப் பொறுப்பு டெம்பிள் கையில். பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி வந்தது. கேட்டவர்களுக்குச் சோறு. பட்டினிச் சாவு அநேகமாக இல்லை. அந்த நூற்றாண்டின் இந்தியப் பஞ்சங்களில் இப்படி இன்னொன்றைக் காட்டுவது கஷ்டம். ஆறு கோடி ரூபாய்க்கு மேல் செலவு.

பாராட்டு விழா நடந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? திட்டினார்கள். இவ்வளவு செலவா, அரிசி மிச்சமாகியிருக்கிறதே, இந்தியர்களைக் கெடுத்துவிட்டாயே என்று கல்கத்தாவிலும் லண்டனிலும் கிழித்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து, 1877 ஜனவரியில், அதே டெம்பிளைத் தென்னிந்தியாவுக்கு அனுப்பினார் வைஸ்ராய் லிட்டன். தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்தாடிக்கொண்டிருந்த நேரம். சென்னை அரசாங்கம் நிவாரணத்துக்கு அதிகம் செலவழிக்கிறது, அதைக் குறைக்க வேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. பீகாரில் வாங்கின திட்டு டெம்பிளுக்கு மறக்கவில்லை. இந்தத் தடவை அவருக்குப் பாடம் மிக நன்றாகத் தெரிந்திருந்தது. நிவாரண முகாமில் நாள் முழுக்க மண் வெட்டுகிற ஆண் கூலிக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் குறைவு. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் கீழே. சரித்திரத்தில் இதற்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர்.

இருபது வயதில் ஹெய்லிபரி இவருக்கு என்ன கற்றுக்கொடுத்ததோ தெரியாது. நாற்பத்தெட்டு வயதில் மேலிடம் கற்றுக்கொடுத்தது அழுத்தமாகப் பதிந்துவிட்டது. ஆட்களைக் காப்பாற்றினால் வசவு, காசைக் காப்பாற்றினால் சபாஷ். எந்தக் கல்லூரியும், எந்த மெடலும், எந்தப் பட்டிமன்றமும் இந்தப் பாடத்தோடு போட்டி போட முடியாது. இன்றைய பயிற்சி மதிப்பீட்டாளர்களைக் கேட்டால், வகுப்பில் கற்றது மேலதிகாரியின் வாசலில்தான் செத்துப்போகிறது என்பதை அவர்கள் பாஷையில் சொல்வார்கள்.

டெம்பிள் கூலியை எதிர்த்து ஒரு மனிதர் எழுந்தார். வில்லியம் கார்னிஷ். ஹெய்லிபரிக்காரர் அல்ல, டாக்டர். சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர். அவர் கொள்கை பேசவில்லை, கணக்குப் போட்டார். உழைக்கிற மனித உடம்புக்கு எவ்வளவு தானியம் வேண்டும்? ஒன்றரை பவுண்டாவது வேண்டும், அதோடு பருப்பு, காய்கறி வேண்டும். ஒரு பவுண்டில் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவான். முகாம்களில் மெலிந்து கிடந்தவர்களைப் பரிசோதித்து, அறிக்கை மேல் அறிக்கையாக எழுதினார். டெம்பிளும் பதில் எழுதினார். ஆபீஸ் தபாலில் இருவரும் மோதிக்கொண்டிருந்தபோது, பல்லாரியிலிருந்து சென்னைவரை சாலையோரங்களில் ஜனங்கள் விழுந்துகொண்டிருந்தார்கள்.

1877 மார்ச்சில் சென்னை அரசாங்கம் கார்னிஷ் பக்கம் பாதி தூரம் வந்தது. ஒரு பவுண்டு, ஒன்றேகால் பவுண்டு ஆனது. கூடவே ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. இந்தியா முழுவதிலும் அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல்.

கூலியை உயர்த்தின அடுத்த மாதக் கடைசியில் சர் ரிச்சர்ட் டெம்பிளுக்குப் பதவி உயர்வு வந்தது. பம்பாய் மாகாணத்துக்கு கவர்னராகப் போனார்.